முழுச் சிலிண்டரைக் கொடுத்து வெறுஞ் சிலிண்டர் வாங்கியது

காஸ் சிலிண்டரை நிரப்பாமல் மாற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை நான் ரொறன்ரோவில் பல வீட்டுக் கராஜ்களில் நின்று சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி என்னோடு கதைப்பதையே விட்டாள். விட்டால் விடட்டும். தன்னுடைய சிலிண்டரைக் கம்பிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, எவனோ எங்கேயோ நிரப்பி மூடியடித்து அனுப்பியதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளுக்குத் தான் எதை வாங்கினோம் என்று தெரியாது. நிரப்புகிற இடத்திலென்றால் நீங்கள் தள்ளி நின்று பார்க்கலாம். குழாயைப் பூட்டுவார்கள், பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியை இளக்கிவிடுவார்கள், அதன் வழியாக வெள்ளையாகச் சீறியதும் நிறுத்துவார்கள். நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மாற்றி எடுக்கிற சிலிண்டரில் எப்போதும் கொஞ்சம் குறையும். நம்பாவிட்டால் சுடுதண்ணீரை அதன் வெளிப்பக்கத்தில் ஊற்றிவிட்டுக் கையால் தடவிப் பாருங்கள். எந்த மட்டத்தில் கை குளிர்கிறதோ அந்த மட்டம் வரைக்கும்தான் காஸ்.

வன்னியில் சண்டை முடிந்த அந்த வருஷம் நாங்கள் ஸ்காபரோவில், வோபர்னில், என் கணவரின் அக்காவுடைய வீட்டின் பேஸ்மென்றில் குடியிருந்தோம். மேலே மச்சாள், அவளுடைய ஒரே மகள், லொறி ஓடுகிற புருஷன். அந்த மனிதர் அமெரிக்காவுக்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்ததால் நான் அவரைக் கண்டதைவிட வாசலில் அவருடைய சப்பாத்தைக் கண்டதுதான் அதிகம். நேரில் மச்சாளை நான் நீங்கள் என்றுதான் சொல்வேன், வயதில் மூத்தவள். எழுதும்போது என்னால் முடியாது, அவள்தான்.

வீடு மச்சாளுடையது, சட்டமும் மச்சாளுடையது. வீட்டுக்குள் மீன் பொரிக்கக் கூடாது, இறைச்சி காய்ச்சக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது. மணம் மகளின் ஜாக்கெற்றில் ஏறிவிடுகிறதாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வெட்கமாம். ஆகவே கராஜில் இரும்புக் கால் வைத்த ஒரு பெரிய காஸ் அடுப்பு. ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் கார் வெளியே பனியில் நிற்கும், அடுப்பு கராஜுக்குள் நிற்கும். கதவை மேலே தூக்கிவிட்டு, குளிர்கோட்டும் தொப்பியுமாக நின்று கறி காய்ச்சுவோம். தெருவால் நாயோடு போகிற வெள்ளைக்காரர்கள் முதலில் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

அடுப்பு அவளுடையது, சிலிண்டர் என்னுடையது. குடிவந்த கிழமையே புதிதாக வாங்கி, அதன் கழுத்து வளையத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, "சிலிண்டருக்குப் பொட்டோ? மாப்பிள்ளையையும் பார்த்துவிடு" என்றாள். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவள் மாற்றுகிற சாதி. தெருமுனைப் பெற்றோல் நிலையத்தின் வெளிச்சுவரோடு கம்பிக் கூடு ஒன்று இருந்தது. வெறுஞ் சிலிண்டரைக் கொடுத்தால் உடனே முழுச் சிலிண்டரைத் தருவார்கள். நானோ என் கணவரைக் காரெடுக்க வைத்து வெக்ஸ்போர்ட் பக்கத்தில் நிரப்பித் தருகிற ஒரு யார்ட்டுக்குப் போவேன். நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்சம் முந்தி நகரத்தின் வடக்கே காஸ் நிரப்புகிற இடம் ஒன்று வெடித்திருந்தது. அதற்குப் பிறகு நிரப்புகிற இடங்கள் அருகிவிட்டன, இருந்த இடங்களில் வரிசை நீண்டது. நான் அந்த வரிசையில் நின்றேன். "உனக்கு வேறை வேலை இல்லையோ? அதுவும் காஸ்தான், உதுவும் காஸ்தான்" என்பாள் மச்சாள்.

அந்த மாரியில் என் அண்ணன் வன்னியிலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சைக்கிள் திருத்துகிறவர், கலியாணம் செய்யவில்லை, என்னைவிட நிறைய மூத்தவர். என்னைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே நின்றுகொண்டவர். அழைப்பு மேல் வீட்டு நம்பருக்குத்தான் வந்தது. மச்சாள் கோட்டும் போடாமல் கராஜுக்கு ஓடிவந்து போனை என் கையில் திணித்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் அப்போது மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அதென்ன பிள்ளை சத்தம்?" என்று அண்ணன் கேட்டார்.

"காஸ் அடுப்பண்ணை. கராஜுக்குள்ளை வைச்சுச் சமைக்கிறன்."

"கவனமாயிரு. காஸ் பொல்லாத சாமான். வெடிச்சாலும் வெடிக்கும்."

அவருக்குப் பின்னால் தொம் தொம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது என்ன சத்தமென்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை. ஷெல் விழுகிற இடத்தில் நின்றுகொண்டு இந்த மனிதர் எனக்குக் காஸ் அடுப்பைப் பற்றிப் புத்தி சொல்கிறார் என்று கோபம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், லைன் அறுந்துவிட்டது. மீன் கருகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. என் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே நகரத்துக்குள் போய், ஆர்ப்பாட்டத்தில் பதாகை பிடித்துக் கத்தி, குரல் அடைத்து வருவார். வந்து கதிரையில் இருந்து தரையைப் பார்ப்பார். கடைகளில் சனம் ஒருவரை ஒருவர் பார்த்து, "ஏதும் தெரிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டது. எங்கே பார்த்தாலும் போனும் காதுமாக ஆட்கள். என்னிடம் யாராவது கேட்டால் தெரியவில்லை என்பேன். தெரியவில்லை என்பது அந்த நாட்களில் நல்ல செய்தி.

ஒரு திங்கட்கிழமை மச்சாள் பேஸ்மென்றுக்கு இறங்கி வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"லண்டனிலையிருந்து என்ரை சிநேகிதி எடுத்தவ. உன்ரை கொண்ணை செத்துப்போட்டாராம்."

"ஆர் சொன்னது?"

"அவவுக்குத் தெரிஞ்ச ஆரோ."

"அந்த ஆரோ கண்ணாலை கண்டவரோ?"

"கண்ட ஆரோ சொன்னதாம். போன வெள்ளிக்கிழமையாம்."

என்னைக் கட்டிப்பிடித்தாள், அழுதாள். நான் அழவில்லை. யாரோ எங்கேயோ நிரப்பி மூடியடித்து அனுப்பிய செய்தி அது, உள்ளே என்ன இருக்கிறதென்று கொண்டுவந்தவளுக்கே தெரியாது. லண்டன் சிநேகிதியின் நம்பரைக் கேட்டேன். நாலு பேரிடம் மாறி மாறிக் கதைத்தேன், எல்லோருமே இன்னொருவர் சொன்னதைச் சொன்னவர்கள். கடைசி ஆள் அகதி முகாமில் இருக்கிற ஒரு பெண், போன் இல்லாதவள். அவளோடு கதைக்கும்வரை என் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று என் கணவருக்கும் மச்சாளுக்கும் சொல்லிவிட்டேன். என் கணவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர்.

மச்சாள் ஆட்டவில்லை. அடுத்த நாள் காலையிலேயே திரும்ப இறங்கி வந்தாள். முதல் நாள் அழுத கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது, ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"இந்த வெள்ளிக்கிழமை எட்டாம் நாள். எட்டுச் செலவைச் செய்து படைச்சுவிடுவம். பிறகு முப்பத்தொண்டு. எல்லாம் ஜூனோடை முடிஞ்சிடும்."

ஜூனோடு ஏன் முடிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஜூலையில் அவளுடைய மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்புச் சடங்கு. மண்டபம் மாரியிலேயே பிடித்தாயிற்று, பல்லக்கு பிடித்தாயிற்று, கமராக்காரரும் பிடித்தாயிற்று. பிள்ளைக்குத் தாய்மாமன் என் கணவர், தண்ணீர் வார்க்க வேண்டியவர். மாமி நான், பக்கத்தில் தட்டோடு நின்று ஆராத்தி எடுக்க வேண்டியவள். செத்தவீடு முடியாமல் இழுபடுகிற மாமியை மேடையில் ஏற்றினால் ஊர் என்ன கதைக்கும் என்பதுதான் மச்சாளின் கவலை. கலியாணமாகிப் போன பெண்ணுக்குத் தமையனின் சாவுத் துடக்கு அவ்வளவு நாள் இல்லை என்று ஐயரே சொல்லிவிட்டார். மச்சாளுக்கு ஐயரைவிட ஊர்வாய் பெரிது. ஆகவே என் அண்ணன் போன வெள்ளிக்கிழமை செத்தால் எல்லாம் அளவாக வரும். பிந்திச் செத்தால் மண்டபத்தோடு முட்டும். சாகாமல் இருந்தால் அதைவிடக் கரைச்சல்.

"நான் படைக்கமாட்டன்" என்றேன்.

"பிடிவாதம் பிடியாதை. எங்கடை சனத்திலை எத்தினை வீட்டிலை இண்டைக்குப் படைக்கினம். உனக்கு மட்டும் ஏன் விசேஷம்?"

"அவைக்குக் கண்ட ஆக்கள் சொன்னபடியாலை படைக்கினம். எனக்கு ஆரும் கண்டு சொல்லேல்லை."

"நீ படைக்காட்டில் நான் படைக்கிறன். என்ரை வீடு."

அவளுடைய வீடுதான். மேலே ஏறிப்போய்ச் சனத்துக்குச் சொல்லத் தொடங்கினாள். என் அண்ணனின் எட்டுச் செலவுக்கு வரும்படி, என்னைக் கேட்காமல், எனக்கு முன்பின் தெரியாத ஆட்களைக் கூப்பிட்டாள். பேஸ்மென்றுக்குச் சூட்டுக் காற்று வருகிற தகரக் குழாய்களுக்குள்ளால் அவளுடைய குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஓம், பாவம், அவள் இன்னும் நம்பேல்லை" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். என்னைப் பைத்தியக்காரி ஆக்கினாள் என்றுதான் நான் அதை எடுத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறேன்.

எனக்கு ஒரேயொரு துருப்பு இருந்தது. சிலிண்டர் முடியும் தறுவாயில் இருந்தது. சுடுதண்ணீர் ஊற்றித் தடவிப் பார்த்தேன், அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் குளிர்ந்தது. எட்டுச் செலவு என்றால் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் காய்ச்சிப் படைக்க வேண்டும், மீன், இறைச்சி என்று மச்சமும் இருக்கும். மச்சத்தை வீட்டுக்குள் அவளே காய்ச்சமாட்டாள், அவளுடைய சட்டம். கராஜ் அடுப்புக்குக் காஸ் வேண்டும், சிலிண்டர் என்னுடையது, நான் நிரப்பப் போகவில்லை. அடுப்பை எரியவிட்டு மிச்சத்தையும் தீர்த்தேன். நீல நெருப்பு சின்னதாகி, மஞ்சளாகி, ஒரு மூச்சு விட்டு அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் வேறு ஒரு சிலிண்டர் நின்றது. கழுத்தில் உடைத்துத் தொங்கவிட்ட பிளாஸ்திக் மூடி, உடம்பில் விளம்பரம் ஒட்டிய உறை, அடியில் துருவின் மேல் பூசிய வெள்ளைப் பெயின்ற். பொட்டு இல்லை. மேசையில் கழுவி வைத்த பெரிய சமையல் கிடாரம், அதற்குப் பக்கத்தில் ஒரு பேசின் நிறைய வெட்டிய ஆட்டிறைச்சி.

அண்ணனின் குரல் கடைசியாக எனக்குக் கேட்டபோது எரிந்துகொண்டிருந்தது என்னுடைய சிலிண்டர். இரும்புதான், எனக்குத் தெரியாதா? கடையில் வாங்கிய சாதாரண இரும்பு. ஆனால் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய், கொடுத்து, வேறொன்றை வாங்கி, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, எல்லாம் முன்போல இருக்கிறது என்று ஒருத்தி நினைக்கிறாளே. எனக்கு வந்தது கோபம்தான், துக்கம் இல்லை.

குழாயைக் கழற்றினேன். புதுச் சிலிண்டரைத் தூக்கி என்னுடைய ஷொப்பிங் வண்டிலில் வைத்தேன். மரக்கறி வாங்கப் போகிற இரண்டு சில்லு வண்டில் அது, முழுச் சிலிண்டரின் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது. பெற்றோல் நிலையம்வரைக்கும் நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனேன். பஸ் தரிப்பில் நின்ற தமிழ்க் கிழவர் ஒருவர், "பிள்ளை, உதை உப்பிடிக் கொண்டுபோகக் கூடாது" என்றார். கூடாதுதான். "எனக்கும் தெரியும், அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன்.

கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். கீழ்த்தட்டில், மூலையில், சிவப்புப் பொட்டு. அப்பாடா என்று இருந்தது. உள்ளே போனேன். கவுண்டரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், என் கணவரின் வயதிருக்கும்.

"வெளியிலை ஒரு சிலிண்டர் கொண்டந்திருக்கிறன். அதை வைச்சுக்கொண்டு மூலையிலை நிக்கிற சிலிண்டரைத் தாங்கோ" என்றேன்.

"நீங்க கொண்டுவந்தது காலிங்களா?"

"இல்லை, முழுசு. சீல் உடைச்சிருக்கு, ஆனால் எரிக்கேல்லை."

"லீக் ஆகுதா?"

"இல்லை."

அவர் எட்டி வெளியே நின்ற வண்டிலைப் பார்த்தார். "மேடம், எல்லாரும் காலியைக் குடுத்துட்டு ஃபுல்லு வாங்கிட்டுப் போவாங்க. நீங்க ஃபுல்லைக் குடுத்துட்டு காலியைக் கேக்குறீங்க."

"ஓம்."

"அந்த மாதிரி செய்ய முடியாதுங்க. மெஷின்ல இதுக்கு பட்டனே இல்ல."

"மெஷினைக் கேக்கேல்லை, உங்களைக் கேக்கிறன். அது என்ரை சிலிண்டர். எனக்குச் சொல்லாமல் கொண்டந்து தந்திட்டினம்."

"குடுத்தது குடுத்ததுதாங்க. அது இப்ப கம்பெனியோடது."

எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. நான் நகரவில்லை. நகராமல் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை என்று என் கணவர் சொல்வார், அது உண்மைதான். பின்னால் நின்றவன் ஒருவன் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தான். அவனையும் திரும்பிப் பார்த்தேன், அடங்கினான். கடைசியில் கவுண்டர்க்காரர் பெருமூச்சு விட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கூட்டைத் திறந்து என்னுடையதை இழுத்தெடுத்தபோது, "இதுல என்னங்க இருக்கு? ஒண்ணுமே இல்ல, வெறும் டப்பா" என்றார்.

"வெறும் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் வேணும்."

திரும்பி வரும்போது வண்டில் இலேசாக ஓடியது. கராஜ் வாசலில் மச்சாள் கையில் அகப்பையோடு நின்றாள். பக்கத்தில் என் கணவர், வேலைச் சப்பாத்தும் கழற்றாமல்.

"எங்கை காஸ்?" என்றாள்.

"இஞ்சை. வெறுஞ் சிலிண்டர்."

"முழுச் சிலிண்டர் எங்கை?"

"குடுத்திட்டன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. "உனக்கு விசரோ? நாளைக்கு வீடு நிறையச் சனம் வருது."

"வரட்டும். தேத்தண்ணி குடுங்கோ."

"செத்த மனிசனுக்கு ஒரு பிடி சோறு படைக்காமல் விடுறது பாவம். ஆத்துமா அலையும்."

"அலையிறதுக்கு முதல் அவர் சாகவேணும். அது சரி, ஆட்டிறைச்சி ஆருக்கு?"

"கொண்ணைக்குத்தான்."

"அண்ணை ஆட்டிறைச்சி சாப்பிடுறேல்லை. அதையாவது ஒருக்காக் கேட்டனீங்களோ?"

அவள் கேட்டிருக்கவில்லை. அகப்பையை மேசையில் வைத்தாள். காரின் திறப்பை எடுத்தாள், திரும்ப ஒரு சிலிண்டர் வாங்கி வரப் போகிறாள் என்று தெரிந்தது. நான் அடுப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, வெறுஞ் சிலிண்டரை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அப்போதுதான் எதற்கும் தலையாட்டுகிற என் கணவர் வாய் திறந்தார்.

"விடக்கா. காஸ் இல்லையெண்டால் இல்லை. ஆக்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லுறன்."

ஆட்டிறைச்சி குளிர்பெட்டிக்குள் போனது. மச்சாள் அதற்குப் பிறகு என்னோடு நீண்ட காலம் நேராகக் கதைக்கவில்லை. மகளை அனுப்புவாள். அந்தப் பிள்ளை படியில் நின்று, "மாமி, அம்மா சொன்னவ லோன்றி உடுப்பை எடுக்கட்டாம், ஐ'ம் சோ சொறி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடும். நாலைந்து நாள் கழித்து நான் வெக்ஸ்போர்ட் போய், வரிசையில் நின்று, வெள்ளையாகச் சீறும்வரைக்கும் பார்த்திருந்து சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்தேன். மீன் பொரித்தேன். மேலே மணக்கட்டும் என்று கதவை அரைவாசிதான் தூக்கினேன்.

ஜூலையில் சாமத்திய வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் நான் துக்கம் காக்கிறேன் என்று ஆகிவிடும். ஆகவே கடுஞ்சிவப்புப் பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, இருந்த நகையெல்லாம் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினேன். ஆராத்தித் தட்டை எடுத்துச் சுற்றியபோது மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. தமையன் செத்துப்போனார், இவள் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஊர்வாய்க்குப் பயந்து மச்சாள் என்னவெல்லாம் செய்தாளோ, அதுவே அவள் மகளின் மேடையில் நடந்தது. என் பக்கத்தில் நின்றபடி கமராவுக்குச் சிரித்துக்கொண்டே, "சந்தோஷமோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "சந்தோஷம் மச்சாள்" என்றேன்.

அந்த முகாம் பெண்ணோடு அடுத்த வருஷம் கதைத்தேன். அண்ணன் செத்ததை அவளும் காணவில்லையாம். தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் பிறகு நிற்கவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றாள். கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டேன். ஊருக்கும் போய்வந்தேன். செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. நான் படைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காஸ் முடியும்போது சிலிண்டரைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்தேன். நகப்பூச்சு உரிந்தால் புதிதாகப் பொட்டு வைத்தேன். கெட்டித்தனமாக ஒன்றும் நான் யோசிக்கவில்லை. அது தீர்ந்தால் நிரப்ப வேண்டும், மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

மச்சாளின் மகள் கலியாணம் முடித்துப் பிக்கரிங்கில் வீடு வாங்கினாள். மச்சாளின் புருஷனும் லொறி ஓடுவதை விட்டுவிட, இருவரும் மகளோடு போனார்கள். பேஸ்மென்றிலிருந்து நாங்கள் மேலே வந்தோம். மச்சாள் சனிக்கிழமைகளில் வருவாள், சோபாவில் இருந்து வீடு முன்போலத் துப்புரவாக இல்லை என்பாள். பழைய கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை காஸ் முடிந்துவிட்டது. என் கணவருக்கு முதுகுப் பிடிப்பு, எனக்குக் கார் ஓட வராது. மச்சாள்தான் என்னை வெக்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம், மாற்றினால் ஐந்து நிமிட வேலை என்று வாய்வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு வந்தாள், முகத்தில் தெரிந்தது.

யார்ட்டில் நின்ற மனிதன் சிலிண்டரைப் பார்த்துவிட்டுக் குழாயைப் பூட்டவில்லை. கழுத்து வளையத்தில் அடித்திருந்த திகதியைக் கையுறை விரலால் தட்டிக் காட்டினான். பத்து வருஷம் முடிந்துவிட்டது, இனி இதை நிரப்ப முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். சட்டம். இதைத் திரும்பச் சோதித்து முத்திரை குத்துவதைவிடப் புதிது வாங்கலாம், இல்லையென்றால் மாற்றுகிற இடத்தில் கொடுத்தால் எடுப்பார்கள், அவர்கள் திகதி பார்க்கமாட்டார்கள் என்றான். நான் அவனோடு சண்டை பிடித்தேன். துரு இல்லை, நசுங்கவில்லை, ஒழுகவில்லை என்றேன். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நகராமல் நிற்பதில் அவன் என்னைவிடப் பெரிய ஆள்.

சிலிண்டரைத் திரும்பக் காரில் ஏற்றினோம். மச்சாள் ஓட்டினாள். வோபர்னுக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பாமல் தெருமுனைப் பெற்றோல் நிலையத்துக்குள் விட்டு, கம்பிக் கூட்டுக்கு முன்னால் நிற்பாட்டினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். உள்ளே சிலிண்டர்கள் ஒரே உறையோடு ஒரே வெள்ளையில் அடுக்கி இருந்தன.

"மாத்துவமோ?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்டாள். அதற்காக எனக்கு அவளைப் பிடித்துவிடவில்லை. வேண்டாம், வீட்டுக்கு விடுங்கோ என்று சொல்லலாம். கராஜ் மூலையில் வைத்துவிடலாம், நிரப்பவும் முடியாது, மாற்றவும் இல்லை என்று இன்னும் பத்து வருஷம் வைத்திருக்கலாம். யார்ட்டில் நின்றவன் விரலால் தட்டிய சத்தம் காதுக்குள் இருந்தது.

"மாத்துங்கோ, மச்சாள்" என்றேன். "பிறகு அண்ணைக்கும் ஒருநாள் படைச்சுவிடுவம்."

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அதற்கு நன்றி. எஞ்சினை நிறுத்தினாள். ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

"கொண்ணைக்கு என்ன விருப்பம்?"

"கணவாய்க் கறி" என்றேன். குரல் உடைந்தது, அதை அவளுக்கு முன்னால் உடைய விட்டதற்காக எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. "உறைப்பாய் வைக்கவேணும். நீங்கள் கை வைக்க வேண்டாம், உங்கடை கையிலை அது ரப்பராய்ப் போகும். நான் சமைக்கிறன்."